வெப்பமானியை அழித்தால் நுண்ணோக்கி ஏன் மறைகிறது?

பள்ளிச் சபைகூடலில் மாணவர்களை உயரத்தின்படி நிற்கச் சொல்கிறார் ஆசிரியர். நின்ற பிறகு, "மூன்றாவதாக நிற்பவர் அலுவலகத்திற்கு வரட்டும்" என்று சொல்லியனுப்புகிறார். செய்தியைப் பெற்றவர் மைதானத்திற்குப் போகவில்லை. வருகைப் பதிவேட்டைத் திறக்கிறார், மூன்றாவது பெயரைப் பார்க்கிறார், அந்தப் பெயருக்குரிய மாணவரை அனுப்பி வைக்கிறார். அலுவலகத்தில் வந்து நிற்பவர் வேறு யாரோ. ஆசிரியர் சொன்ன எண் சரி, பதிவேட்டில் பார்த்த எண்ணும் சரி. ஆனால் இரண்டு 'மூன்று'ம் ஒன்றல்ல.

கணினி அறிவியல் பாடத்தில் ஜாவா மொழியில் செயலி எழுதும் மாணவர்கள் பலர் இந்தக் குழப்பத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். செயல்திட்டத்திற்காக ஓர் அட்டவணை அமைக்கிறார்கள். தலைப்பைச் சொடுக்கினால் அது வரிசைமாறுகிறது. ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து 'நீக்கு' பொத்தானை அழுத்தினால் வேறு வரி அழிகிறது. சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை, செயலியும் நின்றுபோவதில்லை. தவறு நடந்ததே தெரியாமல் வேலை தொடர்கிறது. நின்றுபோகும் செயலியைவிட இப்படிப்பட்ட செயலியே ஆபத்தானது என்பது என் கருத்து.

அறிவியல் ஆய்வகத்தின் பொருள் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிடையாக ஓடுவதை வரி என்றும், மேலிருந்து கீழே இறங்குவதைப் பத்தி என்றும் சொல்வோம். ஜாவா எப்போதும் 0 இலிருந்துதான் எண்ணும் என்பதை நினைவில் வையுங்கள். பொருள்களை நாம் தட்டச்சு செய்த வரிசை இது:

0 – பீக்கர் – 40
1 – சோதனைக் குழாய் – 120
2 – நுண்ணோக்கி – 8
3 – வெப்பமானி – 25
4 – புன்சன் விளக்கு – 15

பயனர் 'எண்ணிக்கை' என்ற தலைப்பைச் சொடுக்குகிறார். பட்டியல் ஏறுவரிசைக்கு மாறுகிறது. இப்போது திரையில் தெரிவது:

0 – நுண்ணோக்கி – 8
1 – புன்சன் விளக்கு – 15
2 – வெப்பமானி – 25
3 – பீக்கர் – 40
4 – சோதனைக் குழாய் – 120

பழைய பாதரச வெப்பமானிகளை ஆய்வகத்திலிருந்து அப்புறப்படுத்தியாயிற்று. ஆகவே பயனர் வெப்பமானி வரியைத் தேர்ந்தெடுத்து 'நீக்கு' என்கிறார். பொத்தானுக்குப் பின்னால் மாணவர் எழுதியிருக்கும் கட்டளைகள் இரண்டே. 'கெட் செலக்டெட் ரோ' என்று அட்டவணையிடம் கேட்டு, தேர்ந்தெடுத்த வரியின் எண்ணைப் பெறு. 'ரிமூவ் ரோ' என்று சொல்லி அந்த எண்ணுள்ள வரியை நீக்கு. (நிரலில் இவற்றை இடைவெளி இல்லாமல் சேர்த்தே எழுத வேண்டும். இங்கே படிக்க எளிதாகப் பிரித்திருக்கிறேன்.) முதல் கட்டளைக்கு 2 என்ற விடை கிடைக்கிறது. திரையில் வெப்பமானி இருப்பது 2 ஆவது இடத்தில்தானே. இரண்டாவது கட்டளை அந்த 2 ஐ எடுத்துக்கொண்டு தரவுப் பட்டியலுக்குப் போகிறது. அங்கே 2 என்பது நுண்ணோக்கி. எட்டு நுண்ணோக்கிகள் பள்ளிப் பதிவிலிருந்து மறைந்துவிட்டன.

ஐந்து வரி இருந்தால் கண்ணில் பட்டுவிடும். முந்நூறு வரி இருந்தால் ஆண்டிறுதிக் கணக்கெடுப்பு வரை யாருக்கும் தெரியாது.

தலைப்பைச் சொடுக்கும்போது தரவு இடம் மாறுவதில்லை என்பதே இதற்குக் காரணம். ஜாவாவின் ஸ்விங் தொகுப்பில் அட்டவணைக்கு 'ஜேடேபிள்' என்று பெயர். அது எதையும் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. தரவு 'மாடல்' என்ற தனிப் பொருளில் இருக்கிறது. ஜேடேபிள் அதைப் படித்துத் திரையில் வரைகிறது. திரையில் தெரியும் இந்தக் காட்சியை 'வியூ' என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் 'ரோ சார்ட்டர்' என்ற மூன்றாவது பொருள் உட்கார்ந்திருக்கிறது. அதன் கையில் ஒரு குறிப்புச் சீட்டு உண்டு. திரையின் 0 ஆவது வரியில் மாடலின் 2 ஆவது வரியைக் காட்டு, 1 இல் 4 ஐக் காட்டு, 2 இல் 3 ஐக் காட்டு, 3 இல் 0 ஐக் காட்டு, 4 இல் 1 ஐக் காட்டு என்பதே அந்தச் சீட்டு. தலைப்பைச் சொடுக்கும்போது மாறுவது அந்தச் சீட்டு மட்டுமே.

தரவையும் காட்சியையும் இப்படிப் பிரித்து வைக்கும் யோசனை புதிதல்ல. நார்வே நாட்டைச் சேர்ந்த டிரிக்வே ரீன்ஸ்காக் 1979 ஆம் ஆண்டில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது இதை வகுத்தார். ஒரே தரவைப் பல கோணங்களில் காட்ட முடிவது அதன் பெரும் பயன். ஒரே பட்டியலை ஒரு சாளரத்தில் பெயர் வரிசையிலும் இன்னொரு சாளரத்தில் எண்ணிக்கை வரிசையிலும் பார்க்கலாம். ஒன்று மற்றொன்றைக் கலைக்காது. அதற்கு நாம் கொடுக்கும் விலைதான் இரண்டு வகை எண்கள்.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். ஜேடேபிளுக்கு இந்த ரோ சார்ட்டர் 2006 டிசம்பரில் வெளிவந்த ஜாவா 6 இல்தான் கிடைத்தது. அதற்கு முன் எழுதப்பட்ட நிரல்களில் திரை எண்ணும் மாடல் எண்ணும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. இன்றும் வரிசைப்படுத்தும் வசதியைச் சேர்க்காதவரை அவை ஒன்றாகத்தான் இருக்கும். 'செட் ஆட்டோ கிரியேட் ரோ சார்ட்டர்' என்ற ஒரே ஒரு வரியைச் சேர்த்தவுடன், வேறெங்கோ இருக்கும் 'நீக்கு' பொத்தான் தவறாக நடக்கத் தொடங்குகிறது. புதிதாகச் சேர்த்த வரியில் குற்றமில்லை. பழைய வரியையும் நேற்றுவரை யாரும் குறை சொல்ல முடியாது. அதனால்தான் மாணவர்கள் குழம்புகிறார்கள். சிலர் வரிசைப்படுத்தும் வசதியையே எடுத்துவிட்டு, 'சரியாகிவிட்டது' என்கிறார்கள். காய்ச்சல் தெரியாமலிருக்க வெப்பமானியை ஒளித்து வைப்பது போன்றது அது.

சரி, உங்கள் செயலியில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வகத்தில் செய்வதைப் போலவே செய்யுங்கள். ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றுங்கள். செயலியைத் திறந்து, தலைப்பு எதையும் சொடுக்காமல் வெப்பமானியை நீக்கிப் பாருங்கள். பிறகு மூடித் திறந்து, அதே தரவோடு, எண்ணிக்கைத் தலைப்பைச் சொடுக்கிவிட்டு அதே வெப்பமானியை நீக்குங்கள். முதல் முறை சரியாகவும் இரண்டாம் முறை தவறாகவும் நடந்தால் உங்கள் கருதுகோளுக்குச் சான்று கிடைத்துவிட்டது. அடுத்து, நீக்கும் கட்டளைக்கு மேலே இரண்டு எண்களை அச்சிடச் செய்யுங்கள். ஒன்று 'கெட் செலக்டெட் ரோ' தந்த எண். மற்றொன்று அதே எண்ணைக் 'கன்வர்ட் ரோ இண்டெக்ஸ் டு மாடல்' என்ற கட்டளைக்குக் கொடுத்து வாங்கிய எண். 2 என்றும் 3 என்றும் வேறு வேறாக வந்தால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது.

இந்தச் சோதனைக்கு எடுக்கும் தரவில் ஒரு வலை இருக்கிறது. பெரும்பாலோர் சோதனைத் தரவாக 1, 2, 3, 4, 5 என்றே தட்டச்சு செய்வார்கள். அது ஏற்கெனவே ஏறுவரிசை. தலைப்பைச் சொடுக்கினாலும் எதுவும் நகராது, தவறும் வெளிப்படாது. மறுபடி சொடுக்கினால் இறங்குவரிசைக்கு மாறும். அப்போதும் ஐந்து வரிகளில் நடுவரி இருந்த இடத்திலேயே இருக்கும். நம் கை இயல்பாக நடுவரிக்குத்தான் போகும்! சரியான பொருள் நீங்குவதைப் பார்த்து, 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று முடிவு செய்துவிடுவோம்.

கணிதத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு இங்கே ஒரு சுவையான செய்தி. ஐந்து அட்டைகளை 120 விதமாக அடுக்கலாம். அவற்றில் எந்த அட்டையும் தன் பழைய இடத்தில் இல்லாத அடுக்குகள் 44 மட்டுமே. மற்ற 76 இலும் குறைந்தது ஓர் அட்டையாவது பழைய இடத்திலேயே இருக்கும். எல்லா அடுக்குகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் இடம் மாறாத அட்டை சரியாக ஒன்று. ஐந்துக்குப் பதில் ஐந்நூறு அட்டைகளை எடுத்தாலும் சராசரி அதே ஒன்றுதான். ஆக, கலைந்த பட்டியலில்கூட ஒரு வரி தற்செயலாகச் சரியாக நடந்துகொள்ள வாய்ப்புண்டு. ஒரு வரியை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தாதீர்கள். மேலே நான் கொடுத்த பட்டியலை எண்ணிக்கையின் ஏறுவரிசையில் அடுக்கினால் ஐந்து வரிகளும் இடம் மாறிவிடும். வேண்டுமென்றேதான் அப்படி அமைத்தேன்.

திருத்தம் எளிது. திரை எண்ணைப் பெற்றவுடன் கன்வர்ட் கட்டளையால் மாடல் எண்ணாக மாற்றி, மாற்றிய எண்ணை மட்டும் மாடலிடம் கொடுக்க வேண்டும். பழக்கம் ஒன்றையும் பரிந்துரைப்பேன். நிரலில் மாறிகளுக்கு வெறுமனே 'ரோ' என்று பெயர் வைக்காமல் 'வியூ ரோ', 'மாடல் ரோ' என்று பிரித்துப் பெயர் வையுங்கள். சென்டிமீட்டரையும் அங்குலத்தையும் அலகு குறிப்பிடாமல் எழுதினால் என்னவாகுமோ அதுவேதான் இங்கேயும்.

அலகைக் கவனிக்காதவர்கள் அடுத்து விழும் குழி, தேவையில்லாத இடத்தில் மாற்றுவது. மதிப்பைப் படிக்கும் 'கெட் வேல்யூ அட்' என்ற கட்டளை இரண்டு இடங்களில் இருக்கிறது. மாடலிடம் கேட்டால் அது மாடல் எண்ணை எதிர்பார்க்கும்; ஜேடேபிளிடம் கேட்டால் திரை எண்ணை எதிர்பார்க்கும். வெப்பமானியின் எண்ணை 3 என்று சரியாக மாற்றிய மாணவர், அந்த 3 ஐ ஜேடேபிளிடம் கொடுத்துப் பெயரைக் கேட்கிறார் என்று வையுங்கள். திரையின் 3 ஆவது வரியில் இருப்பது பீக்கர். "பீக்கரை நீக்கவா?" என்று கேள்வி வருகிறது. "ஆம்" என்றால் வெப்பமானி நீங்குகிறது! பயந்துபோன பயனர் "இல்லை" என்பார். அதற்கு அவரைக் குறைசொல்ல முடியாது. பத்திகளுக்கும் இதே கதைதான். பயனர் பத்தியின் தலைப்பைப் பிடித்து இடமாற்றி வைக்கலாம். அப்போது பத்தி எண்ணும் மாறும், அதற்கும் தனி கன்வர்ட் கட்டளை உண்டு.

எதுவும் தேர்ந்தெடுக்கப்படாதபோது 'கெட் செலக்டெட் ரோ' தரும் விடை -1. ரோ சார்ட்டர் உள்ள அட்டவணையில் இந்த -1 ஐ அப்படியே கன்வர்ட் கட்டளைக்குக் கொடுத்தால் 'எல்லைக்கு வெளியே' என்ற பிழை எழும். பயனர் எதையும் தேர்ந்தெடுக்காமல் பொத்தானை அழுத்தும்போது மட்டும் இது நடக்கும் என்று நினைக்காதீர்கள். தேடல் பெட்டி வைத்த செயலிகளில் வேறு வழியாகவும் வரும். வெப்பமானியைத் தேர்ந்தெடுத்திருக்கும்போது பயனர் தேடல் பெட்டியில் 'பீக்கர்' என்று தட்டச்சு செய்கிறார். வெப்பமானி வடிகட்டப்பட்டுத் திரையிலிருந்து போகிறது. தேர்வும் கூடவே போகிறது. தேர்வு மாறியது என்று உங்கள் நிரலுக்குத் தகவல் வருகிறது, எண் -1. ஆகவே மாற்றுவதற்கு முன் -1 தானா என்று பார்ப்பது கட்டாயம். வெறும் வரிசைப்படுத்தலில் இந்தச் சிக்கல் இல்லை. வரி எங்கே நகர்ந்தாலும் ஜேடேபிள் தேர்வையும் கூடவே நகர்த்திவிடும்.

பல வரிகளை ஒன்றாக நீக்கும்போது இன்னொரு நுணுக்கம் சேர்கிறது. நுண்ணோக்கி, வெப்பமானி இரண்டையும் தேர்ந்தெடுத்து நீக்குவதாக வைத்துக்கொள்வோம். மாடல் எண்கள் 2, 3. முதலில் 2 ஐ நீக்கினால் கீழே இருப்பவை ஒரு படி மேலேறும். வெப்பமானி 2 ஆகிவிடும், புன்சன் விளக்கு 3 ஆகிவிடும். அடுத்து 3 ஐ நீக்கினால் புன்சன் விளக்கு போய்விடும். எல்லா எண்களையும் முதலிலேயே மாற்றி வைத்துக்கொண்டு, பெரிய எண்ணிலிருந்து சிறியதை நோக்கி நீக்கினால் இந்தத் தொல்லை இல்லை. அடுக்கிய புத்தகங்களில் கீழிருந்து உருவினால் மேலே உள்ளவை சரியும். மேலிருந்து எடுத்தால் மற்றவை அசையா.

'வரிசைப்படுத்தலே தவறாக இருக்கிறது' என்று வரும் புகார் வேறு வகை. எண்ணிக்கைப் பத்தியை ஏறுவரிசையில் அடுக்கினால் சிலருக்கு 120, 15, 25, 40, 8 என்று வரும். குறைந்த கையிருப்பைத் தேடி முதல் வரியைப் பார்ப்பவருக்கு 120 சோதனைக் குழாய்கள் தெரியும். அந்தப் பத்தியில் இருப்பது என்ன வகைத் தரவு என்று மாடல் சொல்லாததால், ஜாவா அவற்றை எழுத்துகளாக ஒப்பிடுகிறது. அகராதியில் போல முதல் எழுத்து, பிறகு இரண்டாம் எழுத்து. '1' என்பது '8' க்கு முன்னால் வருவதால் 120 முந்திக்கொள்கிறது. மாடலில் 'கெட் காலம் கிளாஸ்' என்ற கட்டளையை மாற்றியெழுதி, இந்தப் பத்தி முழு எண் என்று அறிவித்தால் சரியாகிவிடும். ஆனால் அறிவித்துவிட்டு உள்ளே முழு எண்களோடு எழுத்துச் சரங்களையும் கலந்து வைத்தால் வரிசைப்படுத்தும்போது பிழை எழும். அறிவிப்பும் பொருளும் ஒத்துப்போக வேண்டும்.

இதைவிட ஆழமான திருத்தம் ஒன்று உண்டு. வரி எண் என்பது இடம், அடையாளம் அல்ல. சபைகூடலில் மூன்றாவதாக நிற்பவர் நாளை ஐந்தாவதாக நிற்கலாம். அவருடைய அடையாள அட்டை எண் மாறாது. பட்டியலிலும் ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் ஒன்று கொடுத்து மாடலில் வையுங்கள். பயனர் சொடுக்கியதை நினைவில் வைக்க வேண்டுமானால் அந்தப் பொருள் எண்ணை வையுங்கள், வரி எண்ணை வேண்டாம். தரவுத்தளத்திலிருந்து நீக்கும்போது இது உயிர்நாடி. வரி எண்ணோடு ஒன்றைக் கூட்டி அதையே தரவுத்தள எண்ணாகப் பயன்படுத்தும் நிரல்களைக் காணலாம். ஒரு வரி நீங்கிய மறுகணமே அந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

ஜாவா அல்லாத மொழிகளிலும் இதே பாடம்தான், பெயர்கள்தான் வேறு. கியூட்டி தொகுப்பில் 'மேப் டு சோர்ஸ்' என்ற கட்டளை இந்த வேலையைச் செய்கிறது. விண்டோஸ் ஃபார்ம்ஸில் 'டேட்டா கிரிட் வியூ'வின் வரி எண்ணைக் கொண்டு 'டேட்டா டேபிள்' வரியைத் தேடினால் அதே தவறு நடக்கும். வரியிடமே 'டேட்டா பவுண்ட் ஐட்டம்' எது என்று கேட்டு வாங்குவது நல்லது.

கடைசியாக, வீட்டில் செய்து பார்க்க ஒன்று. ரோ சார்ட்டரிடம் 'செட் சார்ட்ஸ் ஆன் அப்டேட்ஸ்' என்ற விருப்பம் இருக்கிறது. இயல்பில் அது அணைந்திருக்கும். அதை இயக்கினால் ஒரு மதிப்பு மாறியவுடன் அந்த வரி தன் புதிய இடத்திற்குத் தாவும். ஐந்து அட்டைகளில் பொருளின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதி, ஏறுவரிசையில் மேசைமேல் வையுங்கள். திரையின் 0 முதல் 4 வரை ஒவ்வோர் இடமாகப் போய், அங்கே இருக்கும் அட்டையின் எண்ணிக்கையில் 100 கூட்டுங்கள். கூட்டியவுடன் அட்டைகளை மறுபடி ஏறுவரிசையில் அடுக்கிவிட்டு அடுத்த இடத்திற்குப் போங்கள்.

முதல் இடத்தில் இருந்த நுண்ணோக்கி 108 ஆகிக் கீழே போகும். புன்சன் விளக்கு 0 ஆவது இடத்திற்கு ஏறித் தப்பிவிடும். இப்படியே தொடர்ந்தால் இறுதியில் புன்சன் விளக்கு 15, பீக்கர் 40, சோதனைக் குழாய் 120 என்று மூன்றும் அப்படியே இருக்கும். நுண்ணோக்கி 208 ஆகியிருக்கும், அதாவது இரண்டு முறை கூட்டல். வெப்பமானி 325, மூன்று முறை. மொத்தம் ஐந்து கூட்டல்கள் நடந்திருக்கின்றன என்பதால் எண்ணிப் பார்ப்பவருக்குக் கணக்கு சரியாகவே தோன்றும். அதே அட்டைகளை வைத்துக்கொண்டு இம்முறை மாடலின் 0 முதல் 4 வரை, அதாவது நாம் முதலில் தட்டச்சு செய்த வரிசையில், பெயர் சொல்லி எடுத்துக் கூட்டிப் பாருங்கள். அட்டைகள் மேசைமேல் எப்படித் தாவினாலும் ஒவ்வொன்றுக்கும் 100 ஒரே ஒரு முறைதான் சேரும்.